கோச்சுக்கு மேல ஒரு கோச்: என்.எஃப்.எல். முதலாளிகளின் தலையீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்.எஃப்.எல். என்பது அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீக். அந்த ஆட்டத்தின் விதிகளைச் சொல்லிக்கொடுப்பது பெரிய வேலையில்லை. நான்கு வாய்ப்பு, பத்து கெஜம் என்று ஆரம்பித்தால் ஒரு மாதத்தில் யாரும் பிடித்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் வருகிற கேள்விகள்தான் தலைவலி. ஜெயித்த கோச்சை ஏன் அனுப்பினார்கள், அந்த வயதானவரை ஏன் டிவியில் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள், தோற்றுக்கொண்டே இருக்கும் அணியை வைத்திருப்பவருக்கு நஷ்டம் வராதா என்று ஒவ்வொரு சீசனிலும் யாராவது கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். கோச் என்று எழுதும் இடமெல்லாம் தலைமைப் பயிற்சியாளரைத்தான் சொல்கிறேன்.

முதலாளி, ஜி.எம்., கோச்னு மூணு பேர் இருக்காங்களே, யாருக்கு என்ன வேலை?

காகிதத்தில் பார்த்தால் எளிது. முதலாளி பணம் போட்டவர். அவர் ஜெனரல் மேனேஜரையும் கோச்சையும் நியமிப்பார். டிராஃப்டில், அதாவது அணிகள் முறை வைத்துக் கல்லூரி வீரர்களைப் பிரித்துக்கொள்ளும் தேர்வில், யாரை எடுப்பது, யாருக்கு எத்தனை வருட ஒப்பந்தம், யாரைக் கழற்றிவிடுவது எல்லாம் ஜி.எம். வேலை. அப்படிச் சேர்த்த 53 பேரை வைத்து ஆட்டத்தை ஜெயிக்க வேண்டியது கோச்சின் வேலை.

நடைமுறையில் 32 அணிகளிலும் 32 விதம். நியூ இங்கிலாந்தில் பில் பெலிச்சிக் இருந்தவரை ஆள் எடுப்பதும் அவர்தான், ஆட வைப்பதும் அவர்தான். டல்லாஸில் முதலாளியே ஜி.எம். வேறு சில அணிகளில் கோச், ஜி.எம். இருவரும் தனித்தனியாக முதலாளியிடம் போய் நிற்பார்கள், ஒருவருக்கொருவர் பதில் சொல்ல மாட்டார்கள். எந்த அணியைப் பற்றிப் பேசினாலும் அந்த 53 பேர் பட்டியலில் கடைசி வார்த்தை யாருடையது என்று முதலில் கேளுங்கள். பாதி விஷயம் அதிலேயே புரிந்துவிடும்.

பணம் போட்டது அவர். அவர் தலையிட்டா என்ன தப்பு?

சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. ஆனால் தோற்றால் கோச் போவார், ஜி.எம். போவார், உதவிக் கோச்சுகள் பதினைந்து இருபது பேர் குடும்பத்தோடு ஊர் மாறுவார்கள். முதலாளி மட்டும் அதே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பார். முடிவு எடுப்பவர் ஒருவர், அதற்காக வேலையை இழப்பவர் இன்னொருவர் என்று ஆகும்போதுதான் கோளாறு ஆரம்பிக்கிறது. ரெய்டர்ஸின் ஆல் டேவிஸ், டல்லாஸின் ஜெர்ரி ஜோன்ஸ், வாஷிங்டனின் டேனியல் ஸ்னைடர் மூன்று முதலாளிகளும் குணத்தில் மூன்று துருவங்கள். ஆனால் மூவரின் கதையிலும் இந்த ஒரு இடத்தில்தான் சிக்கல்.

இன்னொன்றும் உண்டு. நட்சத்திர வீரர் ஒருவர் முதலாளிக்கு நேரடியாக போன் போடுகிறார் என்று உடை மாற்றும் அறைக்குத் தெரிந்துவிட்டால், அன்றோடு கோச்சின் பேச்சு எடுபடாது.

தலையீடுன்னு நீங்க எதைத்தான் சொல்றீங்க?

நான் பிரித்துப் பார்ப்பது இப்படி. கோச்சையும் ஜி.எம்.மையும் தேர்ந்தெடுப்பது தலையீடே இல்லை, அதுதான் முதலாளியின் வேலை. எந்த வீரரை வாங்குவது என்பதில் மூக்கை நுழைப்பது இரண்டுங்கெட்டான் விஷயம். பெரிய தொகை என்றால் அவரிடம் கேட்காமல் எப்படிக் கொடுப்பது? இந்த வாரம் யார் களமிறங்குவது என்று சொல்வது விஷம். இந்த நிமிடம் எந்த ப்ளே ஆடுவது, அதாவது அடுத்து பந்தை எப்படி நகர்த்துவது என்று சொல்வது நகைச்சுவை. அதுவும் நடந்திருக்கிறது, கீழே வருகிறது.

டல்லாஸ் மேட்ச்ல கேமரா அடிக்கடி அந்தப் பெரியவர் பக்கமே போகுதே, யார் அவர்?

ஜெர்ரி ஜோன்ஸ். ஆர்கன்ஸாவைச் சேர்ந்த எண்ணெய், எரிவாயு வியாபாரி. 1989 பிப்ரவரியில் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியையும் மைதானக் குத்தகையையும் சேர்த்துச் சுமார் 14 கோடி டாலருக்கு வாங்கினார். வாங்கிய அன்றே டாம் லாண்ட்ரியை நீக்கினார். லாண்ட்ரி சாதாரண ஆளில்லை. அணி தொடங்கிய 1960 முதல் 29 சீசன் அவர்தான் கோச், சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை இரண்டு முறை வென்றவர், தொப்பியும் கோட்டுமாக மைதான ஓரத்தில் நின்ற அவர் உருவமே அணியின் அடையாளம். ஊரே கொதித்தது.

அன்றைய பேட்டியில், வீரர்களின் சாக்ஸ், உள்ளாடை வரைக்கும் எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்ற பொருளில் ஜோன்ஸ் பேசினார். சொன்னபடியே இருக்கிறார். தன்னையே ஜி.எம். ஆக வைத்துக்கொண்டார், இன்றுவரை அந்த நாற்காலியை யாருக்கும் கொடுக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் கோச் ஒரு பக்கம் பேட்டி கொடுத்தால் இவர் இன்னொரு பக்கம் கொடுப்பார். சீசனில் வாராவாரம் ரேடியோவிலும் பேசுவார். கேமராக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ரெண்டு சூப்பர் பவுல் ஜெயிச்ச ஜிம்மி ஜான்சனை ஏன் விட்டாங்க? இது எனக்குப் புரியவே இல்லை.

யாருக்கும் முழுசாகப் புரியவில்லை. ஜோன்ஸும் ஜான்சனும் ஆர்கன்ஸா பல்கலைக்கழகத்தில் ஒரே அணியில் ஆடியவர்கள். லாண்ட்ரி இடத்துக்கு ஜோன்ஸ் கொண்டுவந்தது ஜான்சனைத்தான். முதல் வருடம் 1 வெற்றி, 15 தோல்வி. அந்த சீசன் நடுவிலேயே அணியின் ஒரே நட்சத்திரமான ஹெர்ஷல் வாக்கரை மின்னசோட்டாவுக்குக் கொடுத்துவிட்டு வண்டி வண்டியாக டிராஃப்ட் வாய்ப்புகளை வாங்கினார்கள். அதை வைத்துக் கட்டிய அணி 1992, 1993 சீசன்களில் அடுத்தடுத்து சூப்பர் பவுல் வென்றது. இரண்டு முறையும் அடி வாங்கியது பஃபலோ.

அப்புறம் யார் கட்டிய அணி இது என்ற சண்டை. வீரர்களைத் தேர்ந்தெடுத்தது நான் என்று ஜான்சன் தரப்பு, கையெழுத்துப் போட்டது நான் என்று ஜோன்ஸ். 1994 மார்ச்சில் ஆர்லாண்டோவில் லீக் கூட்டம். ஒரு விருந்தில் ஜான்சன் தன் பழைய சகாக்களோடு உட்கார்ந்திருந்த மேசைக்கு ஜோன்ஸ் வந்து, கோப்பையைத் தூக்கி வாழ்த்துச் சொன்னார். யாரும் சரியாக முகம் கொடுக்கவில்லை. எரிச்சலோடு போனவர் அன்றிரவு ஹோட்டல் பாரில் இருந்த நிருபர்களிடம், இந்த அணியை வைத்து ஜெயிக்க 500 கோச்சுகளால் முடியும் என்று சொல்லிவிட்டார். எழுதுகிறவர்களிடம் சொன்னால் எழுதத்தானே செய்வார்கள்? மாதம் முடிவதற்குள் ஜான்சன் வெளியே. கையில் 20 லட்சம் டாலர் கொடுத்து அனுப்பினார் ஜோன்ஸ். மைதானத்தின் கௌரவ வளையத்தில் ஜான்சன் பெயர் ஏறியது 2023 டிசம்பரில்தான். அவ்வளவு வருடம் தள்ளிப்போட்டதும் ஜோன்ஸ் எடுத்த முடிவுதான்.

ஆனா ஜான்சன் போனதுக்கு அப்புறமும் டல்லாஸ் ஜெயிச்சதே? அப்போ ஜெர்ரி சொன்னது சரிதானே?

ஜெயித்தது. பேரி ஸ்விட்சர் வந்தார், 1995 சீசனின் சூப்பர் பவுலில் பிட்ஸ்பர்கை 27-17 என்று வீழ்த்தினார். 500 பேரில் ஒருவர் ஜெயித்துக் காட்டிவிட்டார் என்று ஜோன்ஸ் ஆதரவாளர்கள் இன்றும் சொல்வார்கள்.

ஆனால் எய்க்மன், எம்மிட் ஸ்மித் என்று அந்த அணியின் முதுகெலும்பு பெரும்பாலும் ஜான்சன் காலத்தில் வந்தது. அது தேய்ந்தபிறகு என்ன ஆனது என்று பாருங்கள். அந்தக் கோப்பைக்குப் பிறகு 2025 சீசன் வரை டல்லாஸ் ஒரு முறைகூட அரையிறுதி என்று சொல்லத்தக்க மாநாட்டு இறுதி ஆட்டத்தைத் தொடவில்லை. இடையில் கோச்சுகள் மாறினார்கள், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குகள் மாறினார்கள், ஜி.எம். மட்டும் மாறவில்லை.

முதலாளியே கோச்சாவும் இருந்துட்டா இந்தச் சண்டையே வராதே?

வராது, அப்படி இருந்தவர்களும் உண்டு. சிகாகோ பேர்ஸ் அணியின் ஜார்ஜ் ஹாலஸ் முதலாளியாகவும் கோச்சாகவும் நான்கு தனித்தனிக் கட்டங்களாக 40 சீசன் நடத்தினார். தோற்றால் திட்ட வேண்டியதும் அவரையே, பாராட்ட வேண்டியதும் அவரையே. இரண்டாவது கேள்வியில் சொன்ன கோளாறுக்கு அங்கே இடமில்லை.

பால் பிரவுன் கதை இன்னும் ருசியானது. கிளீவ்லாந்து அணிக்கு அவர் பெயரே வைத்திருந்தார்கள். 1961-ல் ஆர்ட் மோடெல் என்ற இளைஞர் அணியை வாங்கினார், 1963 ஜனவரியில் பிரவுனையே நீக்கினார். பிரவுன்ஸ் அணியில் பிரவுன் இல்லை! அவர் காத்திருந்து 1968-ல் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியைத் தொடங்கினார், அங்கே தானே முதலாளி, தானே கோச். இனி என்னை எவன் நீக்குவான் பார்க்கலாம் என்று. இன்று அது முடியாத காரியம். கோச் வேலை மட்டுமே ஒரு நாளில் பதினாறு மணி நேரத்தைத் தின்றுவிடும்.

ஆல் டேவிஸுக்கு ஆட்டம் நல்லா தெரியும்னு சொல்றாங்க. தெரிஞ்சவர் தலையிட்டா நல்லதுதானே?

முதல் இருபது வருடம் பார்த்தால் ஆமாம். டேவிஸ் 1963-ல் ஓக்லாந்து ரெய்டர்ஸுக்கு கோச்சாக வந்தவர், பிறகு பங்குதாரர், பிறகு ராஜா. மூன்று சூப்பர் பவுல் வந்தது அவர் காலத்தில். டாம் ஃப்ளோரஸையும் ஆர்ட் ஷெல்லையும் கோச் ஆக்கியவரும் அவர்தான். ஷெல் நவீன காலத்தின் முதல் கறுப்பின கோச். இதையெல்லாம் கழித்துவிட்டுப் பேசக்கூடாது.

ஆனால் ஆட்டம் தெரிந்த முதலாளிக்கு எந்தக் கோச்சையும் பிடிக்காமல் போகும். 1989-ல் மைக் ஷானஹானை அவரது இரண்டாவது சீசனின் நான்கே ஆட்டம் முடிந்ததும் அனுப்பினார், சம்பளப் பாக்கித் தகராறு பல வருடம் இழுத்தது. ஷானஹான் பிறகு டென்வருக்கு இரண்டு சூப்பர் பவுல் வாங்கிக்கொடுத்தார். 2002-ல் ஜான் க்ரூடனைக் கோச் என்றும் பார்க்காமல் டாம்பா பேவுக்கு விற்றே விட்டார்: இரண்டு முதல் சுற்று, இரண்டு இரண்டாம் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகள், கூடவே 80 லட்சம் டாலர். நல்ல வியாபாரம் போலத்தான் இருந்தது. அந்த சீசன் முடிவில் சூப்பர் பவுலில் எதிரே வந்து நின்றது க்ரூடனின் டாம்பா பே. ரெய்டர்ஸ் என்ன ஆடப்போகிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி, அவர் எழுதிக்கொடுத்த பாடம்தானே? 48-21 என்று டாம்பா பே ஜெயித்தது.

அப்புறம் லேன் கிஃபின். 31 வயதில் கொண்டுவந்தார், 2008 செப்டம்பரில் போனில் நீக்கினார். நீக்கிய கையோடு நிருபர்களைக் கூப்பிட்டு, பள்ளிக்கூடத்தில் வைத்திருப்பார்களே அந்த மாதிரி ஓவர்ஹெட் புரொஜெக்டரில், கிஃபினுக்குத் தான் எழுதிய கண்டனக் கடிதத்தைத் திரையில் போட்டு வரி வரியாக விளக்கினார். அப்போது அவருக்கு 79 வயது. அந்தக் கடைசி ஆட்டத்தில் கிஃபின் 76 கெஜத்திலிருந்து பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பும் ஃபீல்ட் கோல் அடிக்கச் சொன்னார், விழவில்லை. இரண்டில் எது வேடிக்கை என்று இன்றும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

மேட்ச் நடக்கும்போதே "இந்த ப்ளே ஆடு"ன்னு முதலாளி சொல்ல முடியுமா? விதி இருக்கா?

1981 நவம்பரில் பிலடெல்ஃபியாவில் நடந்தது. பால்டிமோர் கோல்ட்ஸ் முதலாளி ராபர்ட் இர்சே, கோச்சுகள் உட்காரும் மாடி அறைக்குப் போய், யார் குவார்ட்டர்பேக் ஆட வேண்டும், பந்தை எறிவதா ஓடுவதா என்றெல்லாம் கீழே உத்தரவு போட ஆரம்பித்தார். அந்த வருடம் அணி 2 வெற்றி, 14 தோல்வி. இர்சே தலையிட்டதால் எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மூன்று வருடத்துக்குள், 1984 மார்ச்சில், ராத்திரியோடு ராத்திரியாக லாரிகளில் சாமான்களை ஏற்றி அணியையே இண்டியானாபொலிஸுக்குக் கொண்டுபோனவரும் இவர்தான்.

தடை விதி இருக்கும் என்று நினைப்பீர்கள். 2025 செப்டம்பரில் லாஸ் வேகஸ் ரெய்டர்ஸின் சிறு பங்குதாரரான முன்னாள் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி, காதில் ஹெட்செட்டோடு கோச்சுகளின் அறையில் உட்கார்ந்திருந்தது டிவியில் தெரிந்தது. முதலாளி அங்கே உட்காரக் கூடாது என்றோ ஹெட்செட் போடக் கூடாது என்றோ விதியில்லை என்று லீக்கே சொன்னது. குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குப் பேசும் ரேடியோ மட்டும் வேறு. அதில் பேசுவது ஒரே ஒரு கோச், அடுத்த ப்ளேவைத் தொடங்குவதற்கான கடிகாரத்தில் 15 நொடி இருக்கும்போது தானாகத் துண்டிக்கப்படும்.

பார்செல்ஸோட மளிகைச் சாமான் கதைன்னு ஒண்ணு சொல்றாங்களே?

1996 டிராஃப்டில் நியூ இங்கிலாந்து கோச் பில் பார்செல்ஸ் தற்காப்பு வரிசைக்கு ஆள் கேட்டார். முதலாளி ராபர்ட் கிராஃப்டின் தரப்பு, பந்து பிடிக்கும் டெர்ரி க்ளென்னை எடுத்தது. அந்த சீசன் முடிவில் சூப்பர் பவுலில் தோற்ற கையோடு பார்செல்ஸ் விலகினார். சமையல் செய்யச் சொல்கிறவர்கள் மளிகை வாங்கவாவது என்னை விட வேண்டாமா என்று அப்போது அவர் சொன்னதுதான் இன்றுவரை எல்லாக் கோச்சுகளின் புலம்பலாக நிற்கிறது.

கதையின் மறுபக்கத்தைச் சொல்ல மறந்துவிடுவார்கள். க்ளென் முதல் வருடமே 90 பந்து பிடித்தார், புதுமுக வீரர்களில் அப்போது அதுதான் சாதனை. முதலாளி வாங்கிவந்த சாமான் நல்ல சாமான்தான். கிராஃப்ட் அதில் ஒரு பாடமும் கற்றார். 2000-ல் முதல் சுற்று வாய்ப்பையே கொடுத்து பெலிச்சிக்கைக் கொண்டுவந்தபோது பையையும் பணத்தையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். ஆறு சூப்பர் பவுல் வந்தது.

எல்லா முதலாளியும் குவார்ட்டர்பேக் விஷயத்துல மட்டும் ஏன் இப்படி அலையறாங்க?

விளம்பரப் பலகையில் நிற்கும் முகம் அது. ஜெர்சி விற்பது அவர் பெயரில். கார்டு, டேக்கிள் என்று வரிசையில் முட்டிக்கொண்டு நிற்பவர்களை முதலாளியின் நண்பர்கள் யாருக்கும் தெரியாது. 2014 டிராஃப்டில் ஜோன்ஸுக்கு ஜானி மன்ஸெல் மேல் ஒரு கண். மகன் ஸ்டீஃபனும் மற்றவர்களும் சேர்ந்து தடுத்து, கார்டு ஆடும் ஸாக் மார்ட்டினை எடுக்க வைத்தார்கள். மார்ட்டின் பத்து வருடத்துக்கு மேல் அணியின் தூணாக நின்றார். மன்ஸெல் கிளீவ்லாந்துக்குப் போய் இரண்டே சீசனில் காணாமல் போனார். தலையிட ஆசைப்பட்டும் தலையிடாமல் இருந்த அபூர்வ நாள் அது. பிறகு அதற்காக வருத்தமும் பட்டார் என்பதுதான் ஜோன்ஸ்.

கிளீவ்லாந்து முதலாளி ஜிம்மி ஹாஸ்லம் 2022-ல் டெஷான் வாட்சனுக்காக மூன்று முதல் சுற்று வாய்ப்புகளையும், ஐந்து வருடத்துக்கு 23 கோடி டாலர் முழு உத்தரவாத ஒப்பந்தத்தையும் கொடுக்க ஒப்புக்கொண்டார். அவ்வளவு பணத்தை எந்த ஜி.எம்.மும் முதலாளியைக் கேட்காமல் தொட முடியாது. மட்டையை ஓங்கிச் சுற்றினோம், பந்து படவில்லை என்ற மாதிரி 2025-ல் ஹாஸ்லமே பொதுவில் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்கு அவருக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கலாம்.

இவ்வளவு தெரிஞ்சும் கோச்சுங்க ஏன் அந்த வேலைக்கு வராங்க?

உலகத்தில் இந்த வேலை மொத்தமே 32. இருபது வருடம் உதவிக் கோச்சாகக் குப்பை கொட்டியவருக்கு ஒரு வாய்ப்பு வரும்போது, முதலாளி ஒரு மாதிரி என்று மறுக்க மனசு வராது. பணமும் இருக்கிறது. ஒப்பந்தம் பெரும்பாலும் முழு உத்தரவாதம், பாதியில் அனுப்பினாலும் மீதியைக் கொடுத்தாக வேண்டும், வேறு வேலை கிடைத்தால் அந்தச் சம்பளம் கழியும். கரோலைனா முதலாளி டேவிட் டெப்பர், மேட் ரூலுக்கு 2020-ல் ஏழு வருட ஒப்பந்தம் கொடுத்து மூன்றாவது சீசனின் ஐந்தாவது ஆட்டத்தோடு நிறுத்தினார். அடுத்து வந்த ஃபிராங்க் ரைக் 2023-ல் பதினோரு ஆட்டம்தான் தாங்கினார்.

வீரர்களின் சம்பளத்துக்கு லீக் உச்சவரம்பு வைத்திருக்கிறது, கோச்சுகளுக்கு இல்லை. அதனால் கோச்சை மாற்றுவதுதான் பணக்கார முதலாளிக்கு ரொம்பச் சுலபமான, அணியின் கணக்கைத் தொடாத கோபம்.

தோத்துக்கிட்டே இருந்தா முதலாளிக்கு நஷ்டம் வராதா?

வராது, அதுதான் இந்த லீக்கின் அடிப்படை. டிவி ஒப்பந்தப் பணத்தை 32 அணிகளும் சமமாகப் பங்கு போடுகின்றன. இப்போது ஒவ்வொரு அணிக்கும் பொது வருமானத்திலிருந்து வருடத்துக்கு 40 கோடி டாலருக்கு மேல் வருகிறது. கடைசி இடம் வந்தால் கீழ் டிவிஷனுக்கு இறக்குவதும் கிடையாது, போதாததற்கு டிராஃப்டில் முதல் வாய்ப்பு.

வாஷிங்டன் அணியை டேனியல் ஸ்னைடர் 1999-ல் 80 கோடி டாலருக்கு வாங்கினார். முழு அதிகாரம் கொடுத்துக் கொண்டுவந்த மார்ட்டி ஷாட்டன்ஹைமர் 2001-ல் முதல் ஐந்து ஆட்டமும் தோற்று, பிறகு மீண்டு 8-8, அதாவது எட்டு வெற்றி, எட்டு தோல்வி என்று முடித்தார். ஆள் எடுக்கும் அதிகாரத்தைத் திருப்பிக் கேட்டார் ஸ்னைடர், அவர் கொடுக்கவில்லை, ஒரே வருடத்தில் அனுப்பிவிட்டார். இப்படி 24 சீசன். லீக் சுற்றுக்குப் பிறகு வரும் நாக்அவுட்டான பிளேஆஃபில் மொத்தம் இரண்டு வெற்றி. 2023-ல் விற்றபோது கிடைத்தது 605 கோடி டாலர். அவர் போன இரண்டாவது சீசனிலேயே அணி பிளேஆஃபில் இரண்டு ஆட்டம் ஜெயித்தது. அதுவும் டாம்பா பேயையும் டெட்ராய்ட்டையும், ஸ்னைடர் காலத்தில் ஜெயித்த அதே இரண்டு அணிகளை.

முதலாளியே இல்லாத அணி இருக்காமே?

க்ரீன் பே பேக்கர்ஸ். 1923 முதல் பொதுமக்கள் பங்கு வைத்திருக்கும் லாப நோக்கற்ற நிறுவனம். இப்போது ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட பங்குதாரர்கள். லாபப் பங்கு கிடையாது, பங்கை வெளியில் விற்கவும் முடியாது, சுவரில் மாட்டி வைக்கலாம்.

அங்கே தலையீடே இருக்காது என்று நினைக்க வேண்டாம். 1950-களில் ஊர்ப் பெரியவர்கள் அடங்கிய நிர்வாகக் குழுவே கோச்சைப் பிய்த்து எடுத்தது. 1958-ல் ஒரே ஒரு வெற்றி. மறுவருடம் வந்த வின்ஸ் லம்பார்டி, கோச், ஜி.எம். இரண்டு பதவியும் எனக்கே, முழு அதிகாரமும் என்னிடமே என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் உள்ளே வந்தார். அதன்பின் நடந்தது எல்லோருக்கும் தெரியும், சூப்பர் பவுல் கோப்பைக்கே அவர் பெயர்.

அப்போ தலையிடாம சும்மா இருக்கிறவர்தான் நல்ல முதலாளியா?

அதுவும் இல்லை. டெட்ராய்ட்டின் வில்லியம் க்ளே ஃபோர்ட், 2001-ல் டிவி வர்ணனையாளராக இருந்த மேட் மில்லனை அணியை நடத்தக் கொண்டுவந்தார். நிர்வாக அனுபவம் கிடையாது. மில்லன் 2003, 2004, 2005 என்று மூன்று வருடம் தொடர்ந்து முதல் சுற்றில் பந்து பிடிப்பவர்களையே எடுத்தார். அவர் காலத்தில் 31 வெற்றி, 84 தோல்வி. ரசிகர்கள் தெருவில் ஊர்வலம் போனார்கள். ஃபோர்ட் 2008 செப்டம்பர் வரை அசையவில்லை. அந்த சீசன் 0-16 என்று முடிந்தது. சின்சினாட்டியில் பால் பிரவுனின் மகன் மைக், மார்வின் லூயிஸை 16 சீசன் வைத்திருந்தார், பிளேஆஃபில் ஏழு முயற்சி, ஏழும் தோல்வி.

அதே ஃபோர்ட் குடும்பத்தில், அவர் மகள் ஷீலா ஃபோர்ட் ஹாம்ப் 2020-ல் பொறுப்பேற்றார். 2022 அக்டோபரில் கோச் டான் கேம்பெல் அந்த சீசனில் 1-5 என்று தத்தளித்தபோது, பயிற்சி மைதானத்துக்கு வந்து நிருபர்கள் முன்னால் நின்று, பொறுமையாக இருங்கள், இவர்கள் மேல் நம்பிக்கை இருக்கிறது என்ற பொருளில் பேசினார். அடுத்த ஆட்டமும் தோல்விதான். ஆனால் சீசன் 9-8 என்று முடிந்தது, மறுவருடம் சூப்பர் பவுலுக்கு ஒரு படி கீழே வரை போனார்கள். முதலாளி செய்யக்கூடிய தலையீடுகளில் இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை.

பிட்ஸ்பர்க் மட்டும் எப்படி அமைதியா ஓடுது?

ரூனி குடும்பம். 1969 முதல் 2025 சீசன் வரை மூன்றே கோச்சுகள்: சக் நோல், பில் கௌவர், மைக் டாம்லின். நோலின் முதல் வருடம் 1-13. வேறு அணியாக இருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும். ஆனால் இவர்களும் பிறவியிலேயே இப்படி இல்லை. 1933 முதல் 1968 வரை கோச்சை மாற்றிக்கொண்டே இருந்து ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஜெயிக்காமல் அடிபட்டுக் கற்றதுதான்.

லீக் இவங்களைத் தட்டிக் கேட்காதா?

கோச்சைப் படுத்துவதற்காகக் கேட்காது. கமிஷனர் இந்த முதலாளிகள் சேர்ந்து நியமித்த ஆள். எல்லை தாண்டினால் அபராதம் வரும். மயாமி முதலாளி ஸ்டீஃபன் ராஸ், வேறு அணிகளோடு ஒப்பந்தத்தில் இருந்த பிரேடியோடும் கோச் ஷான் பேட்டனின் ஏஜெண்டோடும் விதியை மீறிப் பேசியதற்காக 2022-ல் 15 லட்சம் டாலர் அபராதமும் இடைநீக்கமும் பெற்றார், அணி ஒரு முதல் சுற்று வாய்ப்பையும் இழந்தது. மேலே சொன்ன டெப்பர், ரசிகர் மேல் பானத்தை வீசியதற்கு 3 லட்சம் கட்டினார். கையில் இருப்பதை வீசலாம், கோச்சைத் தூக்கி வீசலாம், முன்னதற்குத்தான் அபராதம்.

ஐபிஎல் முதலாளிங்களும் இப்படித்தானே?

ஆசை ஒன்றுதான். ஆனால் ஐபிஎல் இரண்டு மாதத்தில் முடிகிறது, ஏலத்தில் முதலாளியே மேசையில் உட்கார்ந்து பலகையைத் தூக்குவது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. என்.எஃப்.எல்.லில் அதே வேலை மூடிய அறைக்குள் வருடம் முழுக்க நடக்கிறது. பெயர் மட்டும் கோச் கணக்கில் எழுதப்படும்.

வெளியில இருந்து பார்க்கிற நமக்கு, தலையீடு நடக்குதுன்னு எப்படித் தெரியும்?

கோச் ஒரு வீரரின் பெயரைச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். 2006-ல் ஜோன்ஸ், டெரல் ஓவன்ஸை டல்லாஸுக்குக் கொண்டுவந்தார். அப்போது அங்கே கோச் நம் மளிகைக்கடை பார்செல்ஸ். அவர் ஓவன்ஸைப் பெயர் சொல்லாமல் "அந்த ஆட்டக்காரர்" என்றே பேசிக்கொண்டிருந்தார். அந்த சீசனோடு கிளம்பியும் விட்டார்.

இன்னும் நல்ல அடையாளம், யார் முதலில் வேலைக்கு வந்தார்கள் என்பது. கோச் வந்து தன் உதவியாளர்களைத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கம். 2007-ல் பார்செல்ஸ் போனதும் டல்லாஸ் முதலில் ஜேசன் காரெட்டை உதவிக்கு எடுத்தது, அப்புறம்தான் வேட் ஃபிலிப்ஸைக் கோச் ஆக்கியது. சில வருடத்தில் ஃபிலிப்ஸ் இடத்தில் காரெட் உட்கார்ந்தார். வாஷிங்டனில் 2008-ல் ஜிம் ஸோர்னை முதலில் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக எடுத்தார்கள், கோச் தேடி அலைந்து யாரும் அமையாமல் அவரையே கோச்சாக உயர்த்தினார்கள். மறுவருடம் அணி தடுமாறியபோது, ஓய்வுபெற்று மிச்சிகனில் முதியோர் மையத்தில் பிங்கோ எண்களை வாசித்துக்கொண்டிருந்த ஷெர்ம் லூயிஸை ஆலோசகராகக் கூட்டிவந்து, இரண்டே வாரத்தில் எந்த ப்ளே ஆடுவது என்று சொல்லும் பொறுப்பை ஸோர்னிடமிருந்து பறித்து அவரிடம் கொடுத்தது நிர்வாகம். சீசன் முடிந்த மறுநாள் ஸோர்ன் நீக்கப்பட்டார். அடுத்த கோச்சாக வந்தவர் மைக் ஷானஹான், டேவிஸ் நான்கே ஆட்டத்தில் அனுப்பிய அதே ஷானஹான். இந்த முறை நான்கு சீசன் தாங்கினார்.